கோணல் கையிலா, ஸ்கேலிலா?

காலேஜ் எக்ஸ்போவுக்கு முந்தின ராத்திரி எந்த ஹாஸ்டல் அறையை எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். தரையெல்லாம் தெர்மோகோல் தூள், நடுவில் பாதி எழும்பி நிற்கும் ஒரு பாலமோ வீடோ, சுற்றி நாலு பேர். அதில் ஒருவன், ஆறாம் வகுப்பில் வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து இன்னும் தொலையாமல் மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை சார்ட் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாதியாக உடைத்த ஷேவிங் பிளேடால் இழுத்துக்கொண்டிருப்பான். மூன்றாவது இழுப்பில் பிளேடு ஸ்கேல் விளிம்பின் மேல் ஏறும். ஸ்கேலில் ஒரு பள்ளம், சார்ட்டில் ஒரு வளைவு. அதிர்ஷ்டம் இல்லையென்றால் இடது கை ஆள்காட்டி விரலில் ரத்தம். விரல் தப்பினாலும் பக்கத்தில் இருப்பவன் சொல்லும் வசனம் மட்டும் மாறாது: "உனக்குக் கையே வராதுடா, விடு, அவன்கிட்ட குடு."

இந்த வசனம்தான் பெரிய அநியாயம். "கை வராது" என்று பட்டம் வாங்கியவன் அதற்கப்புறம் ஆயுசுக்கும் கத்தரிக்கோலைத் தொடமாட்டான். தங்கை ஸ்கூல் பிராஜெக்ட் கேட்டால் கடையில் காசு கொடுத்து வாங்கித் தருவான். உண்மையில் அவன் கையில் ஒரு கோளாறும் இல்லை. வரைவதற்காகச் செய்த ஒரு சாமானை வெட்டுவதற்குப் பயன்படுத்தினான், அவ்வளவுதான். கரண்டியால் ஆணி அடித்துவிட்டு, ஆணி வளைந்தது என்று கையைத் திட்டின கதை.

வரைய ஒரு ஸ்கேல், வெட்ட ஒரு ஸ்கேல். இதை ஸ்கூலில் யாரும் சொல்லித் தருவதில்லை. பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பைக் கவனித்தால் தெரியும்: ஓரத்துக்கு வர வர மெலிந்து சரிவாக இருக்கும். வரைவதற்கு அந்தச் சரிவு ரொம்ப நல்லது. கோடுகள் காகிதத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கண்ணைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலும் அளவு பெரிதாக மாறாது. வெட்டும்போது அதே சரிவு பிளேடுக்கு ஏணி மாதிரி. போதாததற்குப் பிளாஸ்டிக் இரும்பைவிட மெத்தென்றது. பிளேடு உரசினால் அதைச் சீவிவிடும். ஒருமுறை பள்ளம் விழுந்துவிட்டால் அடுத்த தடவை பிளேடு தேடிப்போய் அந்தப் பள்ளத்தில்தான் விழும். அப்புறம் அந்த ஸ்கேல் வரையவும் உதவாது. பென்சில் கோடு அந்த இடத்தில் ஒரு குலுக்கல் போட்டுவிட்டுத்தான் போகும்.

வெட்டுவதற்கு ஸ்டீல் ஸ்கேல்தான் வேண்டும். 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகாது. ஆனால் ஸ்டீல் ஸ்கேல் என்றதும் பாதிப் பேருக்கு உள்ளங்கைதான் ஞாபகத்துக்கு வரும் :-) பல வகுப்பறைகளில் அது ஆசிரியர் மேஜை மேல் இருந்த சாமான், மாணவன் பையில் இருந்ததில்லை. "பசங்க அடிச்சுக்குவாங்க" என்று சொல்லிக் கொண்டுவர விடாத பள்ளிகளும் உண்டு. இது புரிந்துகொள்ளக்கூடிய பயம்தான். ஆனால் அதே பள்ளிகள் சார்ட்டில் ஜன்னல் வெட்டி ஒட்டிக் கொண்டுவரச் சொல்கின்றனவே, அதைப் பையன் வீட்டில் எதை வைத்து வெட்டுவான்? அப்பாவின் அரை பிளேடை வைத்துத்தான். ஸ்டீல் ஸ்கேலைத் தடுத்துவிட்டு அரை பிளேடைக் கண்டுகொள்ளாமல் இருப்பதை எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்று சேர்ப்பது?

பிளேடு பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். முனை மழுங்க மழுங்க ஒடித்துக்கொண்டே போகும் கட்டர் 1956-ல் ஜப்பானில் ஒல்ஃபா நிறுவனத்தார் உருவாக்கியது. சாக்லேட் பட்டையைக் கட்டம் கட்டமாக உடைப்பதைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். இன்று எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். அரை பிளேடுக்குப் பிடி கிடையாது, இதற்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் விரலைக் கேட்டால் அதுவே போதும் என்று சொல்லும். ஒடிப்பதற்குச் சோம்பல்படாமல் இருந்தால் சரி. மழுங்கின பிளேடுதான் ஆபத்து, ஏனென்றால் மழுங்கினதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால்தான் வழுக்குகிறது.

ஸ்டீல் ஸ்கேலிலும் ஒரு குறை உண்டு. பளபளவென்று இருப்பதால் காகிதத்தின் மேல் சறுக்கும். அடியில் கார்க் ஒட்டின ஸ்கேல்கள் கடையில் உண்டு, விலை கூட. பழைய சைக்கிள் ட்யூபில் மெல்லிய துண்டு ஒன்றை வெட்டி ஸ்கேலின் அடியில், வெட்டும் ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி ஒட்டிக்கொண்டாலும் அதே வேலை நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் கொஞ்சம் செலவு செய்யலாம்: நடுவில் விரல் வைக்கப் பள்ளமும் இரண்டு பக்கமும் உயர்ந்த வரப்பும் உள்ள அலுமினிய ஸ்கேல்கள் வருகின்றன. பிளேடு ஏறினாலும் வரப்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

வெட்டும் முறையிலும் ஒரு சின்ன விஷயம். எந்தத் துண்டு வேண்டுமோ அதன் மேல்தான் ஸ்கேல் இருக்க வேண்டும். பிளேடு விலகினால் கழிவுத் துண்டின் பக்கம்தான் விலகும், வேலை கெடாது. பெரும்பாலோர் நேர்மாறாக வைத்து வெட்டிவிட்டு, பிறகு வளைந்த ஓரத்தில் கலர் டேப் ஒட்டி மறைக்கிறார்கள். ஒரே இழுப்பில் வெட்டி முடிக்கும் வீரமும் வேண்டாம். முதல் இழுப்பு லேசாக வழி போடுவதற்கு மட்டும். அடுத்த மூன்று நான்கு இழுப்புகள் அந்த வழியில் தானாகப் போகும்.

சரி, ஸ்டீல் ஸ்கேல் வாங்கியாகிவிட்டது. அது நேராக இருக்கிறது என்று யார் சொன்னது?

இது குதர்க்கமான கேள்வி இல்லை. ஸ்கேலை நம்பி வீடு கட்டுபவன் (அட்டை வீடுதான் என்றாலும்) கேட்க வேண்டிய முதல் கேள்வி. சோதிக்க இன்னொரு ஸ்கேல் தேவையில்லை. காகிதத்தில் இரண்டு புள்ளிகள் வைத்து, கூரான பென்சிலால் ஸ்கேலை வைத்துச் சேர்க்க வேண்டும். பிறகு ஸ்கேலைக் குப்புறப் புரட்டி, அதே விளிம்பை அதே இரண்டு புள்ளிகளில் கோட்டின் மறுபக்கத்திலிருந்து வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஸ்கேல் யோக்கியம். நடுவில் கண் மாதிரி இடைவெளி விட்டால் ஸ்கேல் வளைந்திருக்கிறது. இதில் அழகு என்னவென்றால், தெரியும் இடைவெளி உண்மையான வளைவைப் போல இரண்டு மடங்கு. தப்பு தன்னைத்தானே பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது.

உலகத்தின் முதல் நேரான விளிம்பை எதை வைத்துச் சரிபார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் தலை சுற்றும். ஒன்றை இன்னொன்றோடு உரசிப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது அதே அளவு புடைத்தும் இருந்தால் அவையும் அழகாகப் பொருந்திவிடுமே! இரண்டு பொய்யர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வது போல. இதற்கு வழி மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் மாற்றி மாற்றி எல்லா ஜோடிகளாகவும் பொருத்தி, எந்த ஜோடியிலும் இடைவெளி இல்லாத வரை சீவிக்கொண்டே போனால், மூன்றும் நேராகத்தான் ஆகவேண்டும். வேறு வழியே கிடையாது. தட்டையான உலோகப் பரப்புகளை இப்படி உருவாக்குவதைப் பற்றி ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை படித்தார். மெக்கானிக்கல் படிப்பவர்கள் வொர்க்ஷாப் வகுப்பில் உரசிப் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டுக்குப் பின்னால் இந்த மூன்று தட்டு வித்தைதான் இருக்கிறது. லேப் மேனுவலில் இதைப் போட்டிருந்தால் அந்த வகுப்பில் கொஞ்சம் பேராவது விழித்திருப்பார்கள்.

தச்சர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. இழுத்துக் கட்டிய நூலைவிட நேரான விளிம்பு கிடையாது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும். மரத்தின் கோணலை நூல் போக்குவது போல மனத்தின் கோணலைப் போக்குவதால்தான் புத்தகத்துக்கு நூல் என்று பெயர் என நன்னூல் பாயிரம் விளக்குகிறது. தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த அந்தச் செய்யுளுக்குள் ஒரு ஆசாரியின் சாயநூல் ஒளிந்திருப்பது எத்தனை பேர் கவனத்துக்கு வந்திருக்கும்!

முழு சார்ட் என்பது 22-க்கு 28 அங்குலம், அதாவது சுமார் 56-க்கு 71 செ.மீ. இதன் மேல் 30 செ.மீ. ஸ்கேலை வைத்து, கோட்டை நகர்த்தி நகர்த்தி நீட்டுகிறார்கள். பழைய கோட்டின் மேல் 5 செ.மீ. படும்படி வைத்து மீதி 25 செ.மீ. நீட்டினால், அந்த 5 செ.மீ.-ல் வெறும் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் மறுமுனையில் இரண்டரை மில்லிமீட்டர் விலகிவிடும். அதற்கு மேல் இன்னொரு நீட்டல் வேறு. 1 மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் வாங்க யோசிப்பவர்கள் அலுமினிய ஜன்னல் கதவு செய்யும் பட்டறையில் போய்க் கேட்கலாம். வெட்டின மிச்சத் துண்டுகள் அங்கே கிடக்கும், எடைக்குத் தருவார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்து (ஆசாரிகள் பலகையை அப்படித்தான் பார்ப்பார்கள்), நேராக இருப்பதாகப் பொறுக்க வேண்டும். அலுமினியமும் மெத்தென்றதுதான், பிளேடு காலப்போக்கில் கடிக்கும். அதனால் கோடு போடுவதற்கு அதுவும், வெட்டுவதற்கு ஸ்டீலும் என்று வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வரும்.

அளப்பதில் நடக்கும் பெரிய குளறுபடி பூஜ்யத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்கேலில் ஓரத்திலிருந்து சில மி.மீ. தள்ளித்தான் 0 ஆரம்பிக்கும். ஸ்டீல் ஸ்கேலில் பெரும்பாலும் விளிம்பே 0. ஒருவன் இதில் அளக்க இன்னொருவன் அதில் அளந்து வெட்டினால் மாடலின் நாலு சுவரும் நாலு உயரம். ஒரு வேலைக்கு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஸ்கேல் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. (வெயிலில் பிளாஸ்டிக் ஸ்கேல் நீளுமா என்று கேட்பவர்களுக்கு: நீளும். 20 டிகிரி ஏறினால் 30 செ.மீ. அக்ரிலிக் ஸ்கேல் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும், ஸ்டீல் 0.1 மி.மீ.கூட நீளாது. இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் அது வளைவதுதான் கவலை.)

அடுத்து மூலைமட்டம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் பாக்ஸுக்குள் இருக்கும் முக்கோணத்துக்கும் இதே பெயர், தச்சர் கையில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இதே பெயர். பெயர்தான் ஒன்று. பாக்ஸில் இருப்பது மூலை தேய்ந்து உருண்டு, செங்கோணத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். ஒரே ஒரு டிகிரி தப்பினால் 30 செ.மீ. தூரத்தில் 5 மி.மீ. சாய்ந்துவிடும். மாடல் வீட்டின் சுவர் கூரையைத் தொடாமல் நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம், ஃபெவிகால் இல்லை. இரும்பு மூலைமட்டம் சின்னதாக ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாங்கும்போது இதற்கும் புரட்டிப் போடும் சோதனை உண்டு: நேரான பலகை ஓரத்தில் அண்டக்கொடுத்து ஒரு கோடு, அப்படியே இடம் வலமாகத் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் V போல விரிந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் எல்லோரையும் வாங்கவைக்கும் மினி டிராஃப்டர் வீட்டில் இருக்கிறதே, அது ஆகாதா என்றால், ஆகாது. அது வரைவதற்கு. அதன் ஸ்கேலும் பிளாஸ்டிக், கைகளில் ஆட்டமும் உண்டு. பரண்மேலேயே இருக்கட்டும்.

பெரிய செவ்வகத்துக்கு மூலைமட்டமே தேவையில்லை, நூலும் ஸ்கேலும் போதும். 30-க்கு 40 செ.மீ. பலகை என்றால் குறுக்களவு சரியாக 50 வர வேண்டும். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மூலை எடுப்பதும் இதே 3, 4, 5 தான். வேறு அளவென்றால் இரண்டு குறுக்களவும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அது இல்லாமல் குறுக்களவு சமமாக வருவதில் அர்த்தமில்லை.

இப்போது ஃப்ரேம். சான்றிதழ், ஓவியம், குரூப் போட்டோ எதுவானாலும் சொந்தமாக ஃப்ரேம் போடும் ஆசை நிறையப் பேருக்கு வருகிறது, முதல் ஃப்ரேமோடு போயும்விடுகிறது. காரணம் பள்ளிக்கூடக் கணக்குதான். நாலு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரிக்குப் பதில் 44.5 ஆகப் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்த பிறகு எட்டு அரை டிகிரியும் சேர்ந்து நாலாவது மூலையில் 4 டிகிரியாக வந்து நிற்கும். சட்டம் 25 மி.மீ. அகலம் என்றால் அங்கே வாய் பிளப்பது கிட்டத்தட்ட இரண்டரை மி.மீ. அந்தக் கடைசி மூலையைப் பார்த்துத்தான் எல்லோரும் "கை வரல" என்கிறார்கள். தப்பு அந்த மூலையில் நடக்கவே இல்லை. எட்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

ஆகவே ஃப்ரேமுக்குச் செலவு செய்வதென்றால் கோணம் பிடிக்கும் சாமானுக்குச் செய்ய வேண்டும். 45 டிகிரி பள்ளம் வெட்டின மைட்டர் பெட்டியில் மலிவான பிளாஸ்டிக் ரகம் ரம்பம் உரசி உரசிப் பள்ளம் அகண்டுபோகும், அப்புறம் 45 என்பது வெறும் நம்பிக்கை. மரப் பெட்டி பரவாயில்லை. எதை வாங்கினாலும் முதலில் உபயோகமில்லாத கட்டையில் இரண்டு வெட்டு வெட்டி, சேர்த்து, மூலைமட்டத்துக்குள் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீளமும் முக்கியம். எதிரெதிர்ச் சட்டங்களில் ஒன்று 1 மி.மீ. நீண்டாலும், கோணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மூலை சேராது. அளந்து இரண்டாவதை வெட்டக்கூடாது. முதலில் வெட்டினதையே அளவாக வைத்து, ஒரு தடுப்புக் கட்டையில் முட்டவைத்து வெட்ட வேண்டும்.

ஒட்டுவதற்கு விலை கூடின கிளாம்ப் செட் வேண்டாம். நாலு மூலைக்கும் மடித்த அட்டை கொடுத்து, சணல் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நடுவில் குச்சி செருகி முறுக்கினால் நாலு மூலையும் ஒரே சமமாக இறுகும். இறுகின பிறகு குறுக்களவு இரண்டும் பார்த்து, நீளமான குறுக்கை லேசாக அழுத்திச் சரிசெய்துவிட்டுக் காயவிட வேண்டும்.

அளவு விஷயத்தில் கடைகளுக்கும் காகிதத்துக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. இந்தியா மெட்ரிக் முறைக்கான சட்டம் போட்டது 1956-ல். ஆனால் ஃப்ரேம் கடையில் இன்னமும் 8-க்கு 12, 12-க்கு 18 என்று அங்குலம்தான். பட்டமளிப்புச் சான்றிதழோ ஏ4, அதாவது 210-க்கு 297 மி.மீ. 8-க்கு 12 ஃப்ரேம் என்பது சுமார் 203-க்கு 305. அகலத்தில் 7 மி.மீ. இடிக்கும். கடைசியில் சான்றிதழின் ஓரத்தை வெட்டிப் பொருத்தியவர்கள் நிறைய! சொந்தமாகச் செய்வதன் உண்மையான லாபம் இங்கேதான். கண்ணாடி உட்காரும் காடியைச் சுற்றிலும் 2 மி.மீ. தாராளமாக, 214-க்கு 301 என்று வைத்துக்கொண்டால், காகிதம் முழுசாக இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கொஞ்சம் விரிந்தாலும் நெளியாது.

இவ்வளவுக்கும் வாங்க வேண்டியது ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு கட்டர், ஒரு இரும்பு மூலைமட்டம். ஃப்ரேம் போடுபவர்களுக்கு மைட்டர் பெட்டியும் ரம்பமும் கூட. இருபது சாமான் அடுக்கின "கிராஃப்ட் கிட்" பெட்டிகளில் உள்ள மட்டம் மட்டமாக இருக்காது. தனித்தனியாக, கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே மேல். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் காகிதமும் நன்றாகச் சீவின பென்சிலும் இருக்கட்டும். கவுண்டரிலேயே ஸ்கேலைப் புரட்டிப் புரட்டிக் கோடு போட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். மூன்றாவது ஸ்கேலையும் கேட்கும்போது, "தம்பி, எல்லாம் ஒரே கம்பெனிதான்" என்பார். அதையும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.